தூக்குக் கயிறு யாரைப் பிடிக்கிறது?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



2020ஆம் ஆண்டு ஜூன் மாதம். கொரோனா ஊரடங்கில் கிழக்குக் கடற்கரைச் சாலை வெறிச்சோடிக் கிடந்த நாள்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கொக்கிலமேடு கடற்கரையில் ஒரு பீப்பாய் கரை ஒதுங்கியது. கடலில் எது மிதந்து வந்தாலும் இழுத்துப் பார்ப்பது கடற்கரை மக்களின் வழக்கம். அறுந்த வலை வரும், மிதவை வரும், சில நாள் காலி டீசல் கேன் வரும். இந்தப் பீப்பாய்க்குள் இருந்தவை பொட்டலங்கள். உறையின்மேல் சீனத் தேயிலை என்று அச்சிட்டிருந்தது. தகவல் காவல்துறைக்குப் போனது. சோதித்துப் பார்த்தபோது, அது தேயிலை அல்ல, மெத்தாம்பெட்டமைன் என்னும் கொடிய போதைப்பொருள் என்று தெரிந்தது. சுமார் 78 கிலோ. அதன் மதிப்பு பல கோடி ரூபாய் என்று நாளிதழ்கள் எழுதின.

அந்தப் பீப்பாயை நிரப்பியவர் கரைக்கு வரவில்லை. அதற்குப் பணம் போட்டவரும் வரவில்லை. கரைக்கு வந்தது பீப்பாய் மட்டும்தான். அதன் பக்கத்தில் நின்றவர்கள் நம் மீனவ மக்கள்.

ஜூன் 26ஆம் நாளை உலகம் போதைப்பொருள் எதிர்ப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. அந்த நாளையொட்டி, கொக்கிலமேட்டுப் பீப்பாயை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கடினமான கேள்வியை இன்று நாம் சிந்திப்போம். போதைப்பொருள் கடத்துகிறவர்களுக்கு மரண தண்டனை கொடுக்க வேண்டுமா?

அன்பியக் கூட்டத்தில் ஒரு தாய்

இந்தக் கேள்வியை நாம் நூல்களிலிருந்து எடுக்கவில்லை. கடற்கரைப் பங்கு ஒன்றில், ஓர் அன்பியக் கூட்டத்தில் இது எழுந்தது. செபமாலை முடிந்து, இறைவார்த்தைப் பகிர்வும் முடிந்தபின், ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு தாய் பேசினார். அவருடைய மகன் இறந்து அப்போது நான்கு மாதம். வயது இருபத்திரண்டு. முதலில் கஞ்சா, பிறகு மாத்திரை, கடைசியில் ஊசி. ஒரு விடியற்காலை படகுக்குப் போக அவனை எழுப்பப் போனபோது, உடம்பு சில்லிட்டிருந்தது.

"ஃபாதர், மன்னிக்கணும் மன்னிக்கணும்னு ஞாயித்துக்கிழமை தவறாம சொல்றீங்க. எம்புள்ளைக்கு அத வித்தவன, அவனுக்குக் கொண்டாந்து குடுத்தவன, எல்லாரையும் தூக்குல போடணும். நான் சொல்றது பாவமா?"

கூட்டத்தில் யாரும் பேசவில்லை. நாமும் உடனே பதில் சொல்லவில்லை. பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்த தாய்க்கு முன்னால் மறைக்கல்விப் பாடம் நடத்துவது அன்பு ஆகாது. அந்தத் தாயின் கோபத்தை நாம் முதலில் மதிக்க வேண்டும். இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், 2023 மே மாதம், சித்தாமூர்ப் பகுதியில் நச்சுச் சாராயம் குடித்தவர்கள் செத்து விழுந்தார்கள். அதே நாள்களில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவக் குப்பத்திலும் வீட்டுக்கு வீடு அழுகுரல். இரண்டு இடத்தையும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். அப்போதும் இதே கோபம் எழுந்தது. சாராய விற்பனையால் உயிர்ப்பலி நேர்ந்தால் ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம் என்று தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது. ஏழைகளின் உயிரை விற்றுப் பணம் பண்ணுகிறவர்கள்மீது கோபம் வராவிட்டால்தான் நம் விசுவாசத்தில் ஏதோ கோளாறு.

திருஅவையும் இந்தப் பாவத்தை மெழுகிப் பேசவில்லை. போதைப்பொருளை இரகசியமாக உற்பத்தி செய்வதும் கடத்துவதும் தீமைக்கு நேரடியாகத் துணைபோவது என்று கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி ஏடு 2291ஆம் எண்ணில் கற்பிக்கிறது. 2007ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில், போதையிலிருந்து மீளும் இளையோரின் இல்லம் ஒன்றுக்குச் சென்ற திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், போதை வணிகர்கள் தாங்கள் செய்த கேட்டுக்குக் கடவுளுக்குக் கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று எச்சரித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் 26 அன்று தம் புதன் மறைக்கல்வி உரையில் அவர்களைக் கொலைகாரர்கள் என்றே அழைத்தார். ஆகவே அந்தத் தாய் சொன்னதில் பாதியைத் திருஅவையும் சொல்கிறது. விற்றவன் செய்தது கொலைக்கு ஒப்பான பாவம்தான்.

மீதிப் பாதியில்தான் நாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கயிறு.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985ஆம் ஆண்டு வந்தது. வணிக அளவு என்று சட்டம் வரையறுத்த அளவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டுகள்வரை கடுங்காவல். ஹெராயினுக்கு அந்த அளவு 250 கிராம். கஞ்சாவுக்கு 20 கிலோ. மெத்தாம்பெட்டமைனுக்கு வெறும் 50 கிராம். 1989ஆம் ஆண்டு ஒரு திருத்தம் வந்தது. பெரிய அளவில் கடத்தித் தண்டனை பெற்றவர் மறுபடியும் அதே குற்றத்தைச் செய்தால் கட்டாய மரண தண்டனை என்றது அது. நீதிபதிக்கு வேறு வழியே கொடுக்காத அந்தக் கட்டாயம் அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2014இல் நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தியது. மரண தண்டனை இன்றும் ஏட்டில் இருக்கிறது, ஆனால் கட்டாயம் இல்லை. போதைப்பொருள் வழக்கில் இந்தியாவில் இதுவரை யாரும் தூக்கிலிடப்படவில்லை. முதல் குற்றத்துக்கே தூக்கு வேண்டும் என்று பஞ்சாப் அரசு 2018இல் மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்தது. பிள்ளைகளை இழந்த பெற்றோரின் கண்ணீர் அங்கேயும் இருந்தது.

இப்போது கொக்கிலமேட்டுக்குத் திரும்பி வருவோம். அந்தப் பீப்பாயைப் பார்த்த யாரோ ஒருவர், இது நல்ல தேயிலை போலிருக்கிறதே என்று ஒரே ஒரு பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த ஒரு பொட்டலம் ஏறத்தாழ ஒரு கிலோ. வணிக அளவைப்போல் 20 மடங்கு. இந்தச் சட்டத்தில், பொருள் ஒருவர் கையில் இருந்தது என்று நிரூபணமானால், அவருக்கு அது தெரிந்தே இருந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். சீன எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு மீனவர், வழக்கறிஞருக்குப் பணம் இல்லாத ஒரு மீனவர், தனக்குத் தெரியாது என்பதை எப்படி நிரூபிப்பார்? நம் நாட்டில் அவர் 10 ஆண்டுச் சிறையை எதிர்பார்த்து நிற்பார். சிங்கப்பூரில் 250 கிராம் மெத்தாம்பெட்டமைனுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. அங்கே அவர் கையில் இருந்த பொட்டலம் அதைப்போல் நான்கு மடங்கு.

அன்புள்ளங்களே, கயிறு யாரைப் பிடிக்கிறது என்று கேட்பது இதனால்தான்.

பொட்டலம் சுமந்தவர்கள்

நாகேந்திரன் தர்மலிங்கம் என்ற பெயரை நம்மில் சிலர் கேட்டிருப்போம். மலேசியத் தமிழர். 2009 ஏப்ரல் மாதம், தொடையில் கட்டிய பொட்டலத்தோடு மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் நுழைந்தபோது பிடிபட்டார். அப்போது அவருக்கு இருபது வயது. பொட்டலத்தில் இருந்த ஹெராயின் 42.72 கிராம். வீட்டில் சர்க்கரை போடும் கரண்டியால் மூன்று நான்கு முறை அள்ளினால் அவ்வளவுதான் வரும். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் போனாலே மரண தண்டனை. அவருடைய அறிவுத்திறன் அளவெண் 69 என்று மருத்துவச் சோதனையில் தெரிந்தது. அது மிகக் குறைவான அளவு. என்றாலும், தான் செய்வது இன்னதென்று அவருக்குத் தெரியும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பதின்மூன்று ஆண்டு சிறையிலிருந்தபின், 2022 ஏப்ரல் 27 விடியற்காலை அவர் தூக்கிலிடப்பட்டார். முந்தின நாள் நீதிமன்றத்தில், கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியாகக் குடும்பத்தாரின் கையைப் பிடித்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. "அம்மா" என்று அவர் அழுத குரல் அங்கே இருந்தவர்களுக்குக் கேட்டதாகச் செய்தியாளர்கள் எழுதினார்கள்.

சரியாக ஓர் ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 26 அன்று, தங்கராஜு சுப்பையா என்ற இன்னொரு தமிழர் அதே சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரு கிலோ கஞ்சா. அந்தக் கஞ்சா அவர் கையில் அகப்படவில்லை. கடத்தலை ஏற்பாடு செய்தவர் பயன்படுத்திய தொலைபேசி எண்கள் அவருடையவை என்பதை வைத்து அவருடைய பங்கை நீதிமன்றம் தீர்மானித்தது.

சிங்கப்பூர் அரசின் வாதத்தையும் நாம் நேர்மையோடு கேட்க வேண்டும். தூக்குத் தண்டனையின் அச்சத்தால்தான் எங்கள் தெருக்கள் போதையிலிருந்து காக்கப்படுகின்றன, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிழைக்கிறார்கள் என்கிறார்கள் அவர்கள். பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையில் சொல்கிற வாதம் இது. நம் அன்பியத்துத் தாயும் இதைத்தான் சொன்னார். ஆனால் அஞ்ச வேண்டியவர் யார் என்று பாருங்கள். பெரிய வியாபாரி தன் கையால் எதையும் தொடுவதில்லை. கடன்பட்டவனை, வேலையில்லாதவனை, விவரம் தெரியாதவனைத் தேடிப் பிடித்து அனுப்புகிறான். ஒருவன் தூக்கில் தொங்கினால் அவனுக்குப் பொட்டலம் சுமக்க இன்னொருவன் கிடைப்பான். 2024 நவம்பரில் அந்தமான் கடலில் மியான்மர் நாட்டு மீன்பிடிப் படகு ஒன்றை நம் கடலோரக் காவல் படை பிடித்தது. அதில் இருந்தது ஏறத்தாழ 6,000 கிலோ மெத்தாம்பெட்டமைன். கைதானவர்கள் படகில் இருந்த ஆறு மியான்மர் நாட்டவர். அத்தனை பெரிய சரக்குக்கு முதல் போட்டவர் அந்தப் படகில் ஏறி வரவில்லை.

வலையைத் தூக்கினால் கண்ணியில் மாட்டிக்கொண்டு கிடப்பது சின்ன மீன். வலையையே கிழித்துக்கொண்டு போகிற மீனைப் பற்றி நம் கடற்கரை மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இதை உணர்ந்துதான் மலேசியா 2023ஆம் ஆண்டு கட்டாய மரண தண்டனையை நீக்கியது. ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதி ஆளைப் பார்த்து, சூழ்நிலையைப் பார்த்து முடிவெடுக்க அங்கே இப்போது வழி பிறந்திருக்கிறது.

நம் பிள்ளைகள் என்றபோது

இன்னொரு நிகழ்ச்சியையும் நாம் மறக்கக் கூடாது. 2011 நவம்பரில் தங்கச்சிமடத்திலிருந்து கடலுக்குப் போன ஐந்து மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்தது. ஹெராயின் கடத்தினார்கள் என்று வழக்கு. தாங்கள் குற்றமற்றவர்கள் என்றார்கள் அவர்கள். 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் ஐவருக்கும் மரண தண்டனை விதித்தது. இராமேசுவரம் தீவே கொந்தளித்தது. கடற்கரை ஆலயங்களில் எல்லாம் செபம் நடந்தது. இங்கே கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம்வரை மீனவக் குடும்பங்கள் தங்கள் வீட்டுச் சாவு போலவே துடித்தன. மத்திய அரசும் மாநில அரசும் முயன்றன. அந்த நவம்பர் மாதத்திலேயே இலங்கை அதிபர் பொது மன்னிப்பு வழங்க, ஐவரும் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

இலங்கையில் 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை, அதனால் ஆபத்தே இருந்திருக்காது என்று சிலர் நினைக்கலாம். 2019ஆம் ஆண்டு அந்நாட்டின் அதிபர் நான்கு போதைப்பொருள் கைதிகளைத் தூக்கிலிட ஆணையில் கையெழுத்திட்டார். உச்ச நீதிமன்றம் தடை விதித்ததால்தான் அது நின்றது. தங்கச்சிமடத்து ஐவரும் அப்போது அந்தச் சிறையில் இருந்திருந்தால்?

அந்த ஐவருக்காக அன்று நாம் எல்லாரும் மரண தண்டனையை எதிர்த்தோம். அது சரியே. ஆனால் அதே வழக்கில், அதே நாளில், அதே தண்டனை பெற்ற மூன்று இலங்கையரும் இருந்தார்கள். அவர்களுக்கும் தாய் இருந்திருப்பார். அவர்களுக்காக நாம் எத்தனை பேர் ஒரு அருள்நிறை மரியே சொன்னோம்? நம் பிள்ளை என்றால் மன்னிப்பு, அடுத்தவன் பிள்ளை என்றால் கயிறு என்பது நற்செய்தி ஆகாது. எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று திருச்சட்ட அறிஞர் கேட்டபோது, இயேசு யூதர்கள் வெறுத்த ஒரு சமாரியரைத்தான் உதாரணம் காட்டினார்.

கயிற்றுக்குப் பின்னால் நம் மௌனம்

இனி அந்தத் தாயிடம் திரும்பி வருவோம். கூட்டம் முடிந்து எல்லாரும் போனபின், அவரிடம் கேட்டோம். "அம்மா, உங்க மகனுக்கு வித்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றார். குப்பத்தில் எல்லாருக்கும் தெரியுமாம். அதே தெருவின் கடைசி வீட்டுப் பையன். சிறு வயதில் பீடச் சிறுவனாக இருந்தவன். அப்பா கடலில் போனபின், படகுக் கடனை அடைக்க முடியாமல், நகரத்திலிருந்து வந்த யாரோ கொடுத்த பொட்டலத்தை வாங்கி விற்கத் தொடங்கியவன். இரண்டு வருடமாக விற்றிருக்கிறான். அந்தத் தாயே பல நாள் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறார்.

"ஏம்மா யாரும் சொல்லல?"

"நம்ம பையன்னு விட்டுட்டோம் ஃபாதர். போலீசுக்குப் போனா அவன் வாழ்க்க போயிடுமேன்னு. அவங்க அம்மா மூஞ்சிய எப்படிப் பாக்குறது?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "அவன் கையில விலங்கு போடட்டும். ஜெயில்ல கெடக்கட்டும். ஆனா தூக்குல போடுன்னு, அவன் பேரச் சொல்லிச் சொல்ல எனக்கு வாய் வரல ஃபாதர்."

அன்புள்ளங்களே, கடத்தல்காரன் என்ற சொல்லுக்கு முகம் இல்லாதவரை கயிறு எளிதாக வருகிறது. முகம் தெரிந்துவிட்டால் வாய் வருவதில்லை. கடவுளுக்கு எல்லா முகங்களும் தெரியும்.

அன்று நாம் வெட்கத்தோடு கற்றுக்கொண்ட பாடம் இன்னொன்றும் உண்டு. இரண்டு வருடம் நாம் எல்லாரும் மௌனமாக இருந்தோம். பங்குப் பேரவையில் பேசவில்லை. மறையுரையில் பேசவில்லை. அந்தப் பையன் பூசைக்கு வருவது நின்றபோது, ஏன் என்று வீட்டுக்குப் போய் விசாரிக்கவில்லை. அவன் அப்பா இறந்தபோது அடக்கப் பூசை வைத்தோம், படகுக் கடனைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருவருடைய மகன் செத்தபின் மட்டும் நமக்குக் கோபம் வந்தது. நாம் பேச வேண்டிய நேரத்தில் பேசாததைக் கயிறு வந்து சரிசெய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

கயிறு இந்த மௌனத்தைக் கலைக்காது, இன்னும் கெட்டியாக்கும். பத்து வருடச் சிறைக்கே அஞ்சி, பக்கத்து வீட்டுப் பையனைக் காட்டிக்கொடுக்காத குப்பம், தூக்குத் தண்டனை என்றால் வாயைத் திறக்குமா? எந்தத் தாய் இன்னொரு தாயின் பிள்ளையைத் தூக்குமேடைக்கு அனுப்பத் தகவல் சொல்வார்? தண்டனை நியாயமாகவும், திருந்தி வர வழி உள்ளதாகவும் இருந்தால்தான் மக்கள் துணிந்து சொல்வார்கள்.

இயேசு என்ன செய்தார்?

யோவான் நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவிடம் இழுத்து வருகிறார்கள். அன்றைய சட்டப்படி அவளுக்கு மரண தண்டனை. இயேசு அவளுடைய பாவத்தைப் பாவம் இல்லை என்று சொல்லவில்லை. இனிப் பாவம் செய்யாதே என்றுதான் அனுப்புகிறார். ஆனால் கல்லைப் பிடித்திருந்த கைகளைத் தங்கள் மனச்சாட்சியைப் பார்க்க வைத்தார். பெரியவர்கள் முதலில் விலகிப் போனார்கள் என்று நற்செய்தி சொல்கிறது. அவளோடு பாவம் செய்த ஆண் அந்தக் கூட்டத்தில் எங்கே? அவனை யாரும் இழுத்து வரவில்லை. அன்றும் அகப்பட்டவருக்குத்தான் கல்.

ஆண்டவரே ஒரு மரண தண்டனைக் கைதி. அவருடைய வலப்பக்கமும் இடப்பக்கமும் தொங்கியவர்கள் குற்றவாளிகள். அவர்களில் ஒருவன் தன் தண்டனை நியாயமே என்று ஒப்புக்கொண்டான். கடைசி மூச்சில் மனம் மாறியவனுக்கு அன்றே விண்ணகம் கிடைத்தது. மனம் மாற ஒருவனுக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அந்த நாள்களை வெட்டிக் குறைக்கும் உரிமையை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. தீயவர் சாவதில் தமக்கு விருப்பமில்லை, அவர் திரும்பி வந்து வாழ்வதே விருப்பம் என்று கடவுள் எசேக்கியேல் வழியாகச் சொன்னதும் இதுதான்.

2018 ஆகஸ்டு மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வி ஏட்டின் 2267ஆம் எண்ணைத் திருத்தி வெளியிட்டார். மரண தண்டனை மனித மாண்பையும் உயிரின் மீறப்பட முடியாத தன்மையையும் தாக்குவதால், அதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது என்று திருஅவை இன்று கற்பிக்கிறது. மிகக் கொடிய குற்றம் செய்தவரும் தம் மாண்பை இழப்பதில்லை. அதே எண்ணில் இன்னொன்றும் இருக்கிறது. குடிமக்களைக் காப்பாற்றும் அளவுக்குத் திறமையான சிறை முறைகள் இன்று இருக்கின்றன என்கிறது திருஅவை. கடத்துகிறவரைப் பிடியுங்கள், நேர்மையாக விசாரியுங்கள், சமுதாயத்துக்குத் தீங்கு செய்யாதபடி சிறையில் வையுங்கள். உயிரை எடுக்காதீர்கள்.

நாம் செய்யக்கூடியவை

மரண தண்டனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினால், அந்தத் தாய்க்கு நாம் துரோகம் செய்கிறோம். கயிறு வேண்டாம் என்பவர்களுக்குக் கடமை அதிகம்.

ஒன்று, மௌனத்தை உடைப்போம். நம் தெருவில் விற்பனை நடக்கிறது என்று தெரிந்தால், அது நம் உறவுக்காரப் பிள்ளையாக இருந்தாலும், முதல் மாதமே பேசுவோம். அவன் வீட்டில் பேசுவோம், பங்குத்தந்தையிடம் பேசுவோம். நிற்கவில்லை என்றால் அரசுக்குச் சொல்வோம். போதைப்பொருள் பற்றிய புகாருக்கு 1933 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

இரண்டு, போதையில் விழுந்த பிள்ளையை மறைத்து வைக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போவோம். இது நோய். பேய் பிடித்தது என்று தகடு கட்டுவதும், செபக்கூட்டத்துக்கு மட்டும் அழைத்துப் போவதும் போதாது. 14446 என்ற எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் வந்திருக்கின்றன. மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கைப் பார்த்துக் கரை சேர்ந்த நமக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

மூன்று, கடனில் தத்தளிக்கும் குடும்பத்தை அன்பியம் தேடிப் போகட்டும். படகு போன வீட்டுக்கு, ஆள் போன வீட்டுக்கு, முப்பதாம் நாள் பூசையோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. நாம் போகாத வீட்டுக்குப் பொட்டலக்காரன் போவான்.

நான்கு, சிறையில் இருப்போரைச் சந்திப்போம். இந்தியச் சிறைப்பணி என்ற அமைப்பின் வழியாகக் குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் சிறைகளுக்குப் போய்வருகிறார்கள். அவர்களோடு சேரலாம். தண்டனை முடிந்து வருகிறவனுக்கு யாராவது ஒருவர் தம் படகில் இடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அவன் பழைய ஆளிடமேதான் போவான்.

அந்தத் தெருக்கடைசி வீட்டுப் பையன் இப்போது சிறையில் இருக்கிறான். அவனைப் பார்க்க அவன் அம்மா போகும் நாள்களில், மகனை இழந்த அந்தத் தாய் சில தடவை பேருந்து நிறுத்தம்வரை துணைக்கு நடந்து போகிறார். மன்னித்துவிட்டீர்களா என்று நாம் அவரிடம் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டோம். பேருந்து நிறுத்தம்வரை நடப்பதே அவருக்கு எத்தனை பெரிய சிலுவைப்பாதை என்று நமக்குத் தெரியும்.

புனித மாக்சிமிலியன் கோல்பேயை நினைத்துக்கொள்வோம். அவுஷ்விட்ஸ் வதை முகாமில், சாவுக்குக் குறிக்கப்பட்ட இன்னொரு கைதியின் இடத்தைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்ட குரு அவர். 1941 ஆகஸ்டு 14 அன்று நச்சு ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள். சிறையில் இருப்போருக்கும், போதைக்கு அடிமையானோருக்கும் அவர் பாதுகாவலர். ஊசியால் மகனை இழந்த தாயும், சிறையில் மகனை வைத்திருக்கும் தாயும் ஒரே புனிதரிடம் மன்றாடலாம்.

செபிப்போம்.

இரக்கத்தின் தந்தையே, போதையால் பிள்ளைகளை இழந்த பெற்றோரின் கண்ணீரைத் துடைத்தருளும். அடிமைத்தனத்தில் சிக்கிய எங்கள் இளையோருக்கு மீண்டு எழும் வலிமையைத் தாரும். பிறர் உயிரை விற்றுப் பிழைப்போரின் மனத்தைத் தொட்டு, அவர்களை அந்தப் பாதையிலிருந்து திருப்பும். தூக்குமேடைக்கு நாள் எண்ணிக் காத்திருப்போரை, அவர்கள் எந்த நாட்டினராயினும் எந்த மொழியினராயினும், உம் கையில் ஏந்திக்கொள்ளும். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்த எங்கள் பாவத்தை மன்னித்து, அடுத்த வீட்டுப் பிள்ளையையும் எங்கள் பிள்ளையாகப் பார்க்கும் கண்களைத் தந்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.